துருப்பிடிக்காத தகடு

எங்கூட்டுக்காரரு கடையில ஒரு ஆணி வாங்கணும்னாலும் முதல்ல பதில் சொல்லணும்ங்க. "எதுக்கு?" அதுதான் அவரு கேக்குற முதல் கேள்வி. காசு அப்பறம், சரக்கு அதுக்கும் அப்பறம். எந்தச் செவுத்துல அடிக்கப் போறீங்க, செங்கல்லா ஹாலோ பிரிக்ஸா, மாட்டப் போறது காலண்டரா கடிகாரமா, எல்லாம் ஒப்பிச்சாத்தான் ஆணி கைக்கு வரும். மொறைச்சீங்கன்னா, "தெரியாமக் குடுத்து நாளைக்குக் கடிகாரம் கீழ வுழுந்தா இக்பால் கடை ஆணின்னு தானுங்க சொல்லுவீங்க?"ன்னு சிரிப்பாரு. பாலக்காட்டுப் பக்கம் எங்க ஊரு நல்லேப்பிள்ளியில யாரு ஊட்டுல எந்தக் குழாய் ஒழுகுது, எந்தக் கதவு சாத்த மாட்டேங்குதுன்னு அவருக்கு அத்துப்படி.

நான் ரஜீனா. கடையில பெயிண்ட் பக்கம் என்ற பொறுப்பு. கலர் கலக்குற மிஷினுக்கு முன்னால ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பேன். இந்த "எதுக்கு"வைக் கேட்டுக் கேட்டு என்ற காது புளிச்சுப் போச்சுங்க. எங்க அத்தா மாப்பிள்ளை பாக்கப் போனப்பவே, "எதுக்குங்க இவ்வளவு அவசரமாப் பொண்ணைக் கட்டிக் குடுக்கறீங்க?"ன்னு இவரு கேட்டாராம். அப்பவே எங்க அத்தா செருப்பை மாட்டிக்கிட்டுக் கெளம்பியிருக்கணும். கெளம்பலை. என்ற தலையெழுத்து, நான் இன்னைக்கு இந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்.

இப்படியாப்பட்ட மனுசன்கிட்டத்தான் ஆர்ட்டிஸ்ட்டுங்க வந்து மாட்டுனாங்க.

மொத மொதல்ல மாட்டுனது மோகனசுந்தரம். அவங்க குடும்பத்துக்கு ஊருக்கு வெளிய ஒரு நெல்லு மில்லு உண்டு. மில்லு ஓடி பல வருசமாச்சு. இவரு பெங்களூருல படம் போடப் படிச்சுட்டு, அங்கயே கொஞ்ச நாள் இருந்துட்டு, திரும்பி வந்து அந்த மில்லுக்குள்ள பூந்துக்கிட்டாரு. உள்ள என்ன பண்றாருன்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. ஒரு நாள் கடைக்கு வந்து, "கோழி வலை ஒரு உருட்டு வேணும் பாய்" அப்படின்னாரு.

"எதுக்குங்க? எத்தனை கோழி?"

"கோழி இல்லீங்க."

"முயலா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னத்த அடைக்கப் போறீங்க?"

மோகனசுந்தரம் சித்தெ யோசிச்சாரு. பாவம், பொய் சொல்ல வராத ஆளு. "மேகம்" அப்படின்னுட்டாரு.

பம்புசெட்டுக்கு வாசர் வாங்க நின்ன ஆறுச்சாமியண்ணன் சிரிச்ச சிரிப்புல அவரு வாயிலிருந்த வெத்தலை பூரா கவுண்டர் மேல தெறிச்சுது. நான்தான் தொடைச்சேன். எங்கூட்டுக்காரரு மட்டும் சிரிக்கலை. தாடியைச் சொறிஞ்சுக்கிட்டே, "மேகத்துக்கு முக்கா இஞ்சுக் கண்ணு போதுமா, இல்லை அரை இஞ்சு வேணுமா?"ன்னு கேட்டாரு பாருங்க. மோகனசுந்தரம் மொகத்தை அப்பப் பாத்திருக்கணும். அந்த மனுசன்கிட்ட அத்தனை வருசத்துல ஒருத்தரும் அப்படி ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க.

அடுத்த வாரம் மத்தியானம் கடையை என்ற தலையில கட்டிட்டு மேகம் பாக்கப் போனவரு பொழுது சாஞ்சுதான் வந்தாரு. கோழி வலையை வளைச்சு, உள்ள வேஸ்ட் பஞ்சை அடைச்சு, நடுவுல டியூப்லைட்டைப் போட்டு மில்லு உத்தரத்துல தொங்க விட்டிருக்காராம். கீழ சிமெண்ட் தரையில மல்லாக்கப் படுத்துப் பாத்தாராம். "ஏம்புள்ள, ஒண்ணொண்ணா அணைச்சு அணைச்சுப் போடறாரு. இடி மட்டுந்தான் பாக்கி" அப்படின்னாரு. சோறு ஆறிப் போச்சுன்னேன் நான். அவரு காதுல வுழுந்த மாதிரியே தெரியலை.

அன்னைக்குப் புடிச்ச பித்துங்க. அதுக்கப்பறம் கடைக்கு வர்றவங்கள்ல எவரு ஆர்ட்டிஸ்டுன்னு கண்டுபுடிக்கறதே அவருக்கு வேலையாப் போச்சு. அதுக்கு ஒரு கணக்கும் வெச்சிருக்காரு. பிளம்பர் எல்போ, அதான் பைப்பு வளைவு, வாங்குனா நேரா பையில போடுவானாம். ஆர்ட்டிஸ்ட் வாங்குனா ஓட்டை வழியா வெளிச்சத்தைப் பாப்பானாம். பாத்தா விட மாட்டாரு. "எதுக்குங்க?"ல ஆரம்பிச்சு, டீ வாங்கிக் குடுத்து, மோகனசுந்தரத்துக்குப் போன் அடிச்சு, மில்லு வரைக்கும் வண்டியில கொண்டு போய் விட்டுட்டுத்தான் வருவாரு. மூணு பேரு நாலு பேருன்னு மில்லுல வந்து தங்கி வேலை செய்ய ஆரம்பிச்சாங்க. பின்னால வாசருக்கும் வால்வுக்கும் நிக்குற வெவசாயிங்க திட்டறதெல்லாம் என்ற பங்கு.

வந்ததுங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. பிரஷ்ஷும் கலரும் வெச்சு வரையறவங்கதான் ஆர்ட்டிஸ்ட்டுன்னு நானும் நெனச்சிட்டிருந்தேன். ஒருத்தர் வந்து நீள நீளமா ஓசு பைப் வாங்கிட்டுப் போனாரு. அதுல தண்ணி விடலைங்க, சத்தம் விட்டாரு. பைப்போட இந்த நுனியைக் காதுல வெச்சா, எங்கூரு கெணத்து மோட்டார் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நாயம் பேசிக்கற மாதிரி கேக்கும். ஒத்தப்பாலத்துக்காரி ஒருத்தி தூண்டில் நரம்பு வாங்கிக் கொசுவலையில பழைய பஸ் டிக்கெட்டா வெச்சுத் தைச்சா. அதுக்குள்ள ஒரு கட்டில். படுத்துப் பாத்தா அவ போன ஊரெல்லாம் மேல தெரியும். இன்னொருத்தர் வீடியோக்காரரு. நான் கலர் கலக்கறதை எடுக்கணும்னாரு. நானும் பெருநாளுக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கிட்டு, மொகத்துக்குப் பவுடர் போட்டு உக்காந்தேன். நாள் பூரா என்ற கையை மட்டும் எடுத்துட்டுப் போயிட்டாருங்க! எனக்கு வந்த கோவம் இருக்கே. பொறகு மில்லுச் செவுத்துல என்ற கை ரெண்டும் ஆனை ஒசரத்துக்கு அசையறதைப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதை நான் அவருகிட்டச் சொல்லலை, வளையலைக் கழட்டச் சொல்லியிருக்கலாமேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.

எங்கூட்டுக்காரரைப் பத்தி இன்னொண்ணு சொல்லியாகணும். அவருக்கு இந்த ஒலகத்துல ஒரே ஒரு எதிரிதான். துரு. ஊட்டுக் கதவுக் கொண்டியில ஒரு பொட்டு தெரிஞ்சாப் போதும், சோத்தைப் பாதியில வெச்சிட்டு எண்ணெய்த் துணியோட எழுந்துருவாரு. யாரு ஊட்டுக்கு விருந்துக்குப் போனாலும் பிரியாணியைப் பாக்கறதுக்கு முன்னால கேட்டைத்தான் பாப்பாரு. "இது எங்க வாங்குனதுங்க? நம்ம கடையில்லையே"ன்னு கேட்டு மானத்தை வாங்குவாரு. இக்பால் கடைச் சரக்கு துருப்பிடிக்காதுன்னு சித்தூருலருந்து கொழிஞ்சாம்பாறை வரைக்கும் பேரு. அந்தப் பேரு மேல அவருக்கு உசுரு.

அப்பத்தான் ஜிஸ்மி வந்தா.

சித்திரபுரத்துப் புள்ள. மூணாறு பக்கம் மலை மேல. அம்மா செபமாலையம்மாள் எஸ்டேட்டுல கொழுந்து கிள்ளுறவங்க. அப்பா இல்லை. வரிசையாக் கட்டிவுட்ட லயத்து ஊட்டுலதான் வளந்துச்சு. கொச்சிப் பக்கம் போய் ஓவியம் படிச்சு முடிச்சுட்டு, ஒரு வருசம் அங்க இங்க அலைஞ்சு, மோகனசுந்தரம் மில்லு வாசல்ல ஒரு எடம் கெடைச்சு வந்து சேந்துச்சு. மழை மாசத்துக் கடைசியில மில்லுல பிரதர்சனம், எல்லாரும் செஞ்சதைச் சனங்க வந்து பாக்குற நாள். அன்னைக்குப் பட்டணத்துலருந்து ஆளுங்க வந்து, பெரிய கண்காட்சிக்கு யாரு யாருன்னு பாத்து எடுப்பாங்க. அந்தப் புள்ளைக்கு அது ஒண்ணுதான் வழி. அவங்கம்மா மூணாத்துல ஒரு ரிசார்ட்டுல வரவேற்பு மேசைக்குச் சொல்லி வெச்சுட்டாங்க. "இந்தத் தடவை ஒண்ணும் ஆகலைன்னா மேல வந்து வேலையில சேந்துரணும். படம் போட்டது போதும்"னு கண்டிசன். ஜிஸ்மியும் சரின்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருந்துச்சு.

மொத நாள் கடைக்கு வர்றப்ப மோகனசுந்தரம் அதுகிட்ட நல்லாச் சொல்லித்தான் அனுப்பியிருக்காரு: "பாய் எதுக்குன்னு கேப்பாரு. உள்ளதைச் சொன்னா ராத்திரியாயிரும். ஒத்த வார்த்தையில முடிச்சிரு." அது வந்து, வெறும் இரும்புத் தகடு வேணும், நெளிவு நெளிவா வளைச்சுக் குடுக்கணும், மேல பெயிண்ட் கூடாது, எந்தப் பூச்சும் கூடாதுன்னு கேட்டுச்சு.

"எதுக்கு கண்ணு?"

"கூரைக்கு அண்ணே."

அவரு அந்தப் புள்ளையை மேலருந்து கீழ பாத்தாரு. தேஞ்ச செருப்பு, தோள்ல பழைய பை. மலைக்காரப் புள்ள, கூரை போடுது, பூச்சுத் தகடு வாங்க வக்கில்லாம வெறும் இரும்பைக் கேக்குதுன்னு அவரா ஒரு கதையைக் கட்டிக்கிட்டாரு. அன்னைக்குப் பாத்து அடுத்த கேள்வி கேக்கலைங்க! வாசருக்கு வர்றவனை வம்சம் வரைக்கும் விசாரிக்கற மனுசன், கேட்டா புள்ள மனசு நோவும்னு வாயை மூடிக்கிட்டாரு. கொழிஞ்சாம்பாறையில ஒரு பட்டறையில தகட்டை நெளிக்கக் குடுத்தவரு, அங்கயே நின்னு அதுக்கு லாக்கர் அடிச்சிருக்காரு. ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கற லாக்கர். கண்ணாடி மாதிரி இருக்கும், அடிச்சதே தெரியாது, ஆனா தகட்டை மழை தொட முடியாது. மேல ஒரு பூச்சு, கீழ ஒரு பூச்சு, ஓரத்துக்குத் தனியா ஒண்ணு. குடுத்ததை வெளிய சொன்னா அதோட நன்மை போயிரும்னு என்கிட்டக் கூடச் சொல்லலை. இதெல்லாம் எனக்குப் பொறகு தெரிஞ்சது.

ஜிஸ்மி மில்லு வாசல்ல நாலு கம்பை நட்டு, தகட்டை மேல ஏத்துச்சு. கீழ கொடி கட்டி வெள்ளை வெள்ளையாப் பள்ளிக்கூடத்துச் சட்டை மாட்டுச்சு. அந்த வருசம் எடவப்பாதி மழை, அதான் தென்மேக்கு மழை, எங்க பக்கம் எட்டியே பாக்கலை. அதனால தோட்டத்துக்குப் போடற மூடுபனிக் குழாயை எங்க கடையிலதான் வாங்கி, தகட்டு மேல நாளும் பொழுதும் தண்ணியைத் தூவ விட்டுச்சு. வேணுங்கறது என்னன்னா, தகடு துருப்பிடிக்கணும், அந்தத் துருத் தண்ணி சொட்டி சட்டை பூராக் கறையாகணும். அதுதான் அந்தப் புள்ளையோட படைப்பு. எங்களுக்கு அது தெரியாது.

ஒரு வாரம் ஆச்சு. ரெண்டு வாரம் ஆச்சு. ஜிஸ்மி கடைக்கு வந்து, "அண்ணே, தகடு அப்படியே இருக்கு"ன்னுச்சு. அழாத குறை. இவரு மொகமெல்லாம் பல்லா, "அப்படியேதான் இருக்கும் கண்ணு!"ன்னாரு. பாலக்காட்டு வெயிலுக்குத் தண்ணி நிக்காமக் காஞ்சு போகுது போலன்னு நெனச்சுக்கிட்டு அது இன்னும் ரெண்டு குழாய் வாங்கிட்டுப் போச்சு. கூரையை இத்தனை தண்ணி விட்டுச் சோதிச்சுப் பாக்குதே, என்ன பொறுப்பான புள்ளைன்னு இவரு என்கிட்ட ஒரே பெருமை. நானும் ஆமாங்கன்னு தலையாட்டுனேன்.

பிரதர்சனத்துக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப, பொழுது சாயற நேரத்துல ஜிஸ்மி எங்க ஊட்டுக்கு வந்துச்சு. கண்ணு செவந்து கெடந்துச்சு. டீயைக் குடுத்து உக்கார வெச்சேன்.

"அக்கா, துருவே பிடிக்க மாட்டேங்குதுக்கா."

"நல்லதுதானே அதுக்கு?"ன்னேன் நான், ஒண்ணும் புரியாம.

அப்பத்தான் சொல்லுச்சு. அவங்க லயத்துத் தகரக் கூரை பொத்தலாம். மலையில மழை ஆரம்பிச்சா மாசக்கணக்குல நிக்காது. வெளிய காயப் போட முடியாதுன்னு சட்டையை ஊட்டுக்குள்ளயே கொடியில போடுவாங்க. கூரையிலருந்து துருத் தண்ணி சொட்டிச் சொட்டி வெள்ளைச் சட்டை பூரா செம்புள்ளி. பள்ளிக்கூடத்துல "துருப்புடிச்சவ"ன்னுதான் கூப்புடுவாங்களாம். அவங்கம்மா கொழுந்து கிள்ளிக் கீறல் விழுந்த கையோட, எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டுத் தேய்ப்பாங்களாம். எரியுதாம்மான்னு கேட்டா இல்லைம்பாங்களாம். கறையும் போகாதாம். "அந்தச் சட்டையைத்தான்க்கா எல்லாரும் பாக்கணும்னு நெனச்சேன். இங்க ஒரு புள்ளி கூட விழலை"ன்னு சொல்லி அழுதுச்சு.

அந்த நேரம் பாத்து எங்கூட்டுக்காரரு உள்ள வந்தாரு. செருப்பைக் கழட்டறப்பக் கடைசி வார்த்தை மட்டும் காதுல வுழுந்திருக்கு. சிரிச்சுக்கிட்டே நெஞ்சைத் தட்டி, "விழாது கண்ணு! லாக்கர் அடிச்சுக் குடுத்திருக்கனே! இன்ஷா அல்லா, உன்ற பேரப்புள்ளைங்க காலத்துக்கும் அந்தத் தகடு துருப்பிடிக்காது!"ன்னாரு.

யா அல்லா!

ஜிஸ்மி எழுந்து நின்னுச்சு. "யாரு கேட்டா உங்ககிட்ட? பூச்சு வேண்டாம், பூச்சு வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே! யாரு கேட்டா?" டம்ளரைத் தரையில வெச்சிட்டுப் படியிறங்கிப் போயிருச்சு. இவரு அப்படியே நின்னாரு. நான் விடுவேனா? "ஊருல இருக்கறவனையெல்லாம் நோண்டி நோண்டிக் கேப்பீங்களே, கேக்க வேண்டிய எடத்துல மட்டும் வாயில என்ன கொழுக்கட்டையா?"ன்னு கத்துனேன். அந்தப் புள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டீங்களேன்னும் சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி அவரு சாப்பிடலை.

வெடியால எழுந்து பாத்தா ஆளைக் காணோம். மில்லுக்குப் போனேன். கூரை மேல ஏணியைச் சாத்தி ஏறி உக்காந்து உப்புத்தாளை வெச்சுத் தேய்ச்சுக்கிட்டிருக்காரு. கீழ தின்னர் டப்பா, ஒரு வாளி உப்புத் தண்ணி, எங்கூட்டு மோர்ச் சட்டி. ஆமாங்க, மோரையும் தூக்கிட்டுப் போயிருக்காரு. ஆயுசு பூராத் துருவை ஓட ஓட வெரட்டுனவரு, அன்னைக்கு "வா, வா"ன்னு அதைக் கெஞ்சிக்கிட்டிருந்தாரு. வருமா? இக்பால் கடை லாக்கராச்சே. உப்புத்தாள்தான் தேஞ்சுது. நான் கீழ நின்னுக்கிட்டு, "நான் வேணா துருக் கலரு அச்சு அசலாக் கலக்கித் தரேன் கண்ணு, சட்டையில தெளிச்சிரலாம்"னு ஜிஸ்மிகிட்டச் சொன்னேன். இவரு மேலருந்து, "பேட்டரிக் கடையில ஆசிட் இருக்கு, பொழுதுக்குள்ள புது இரும்பையே துருப்பிடிக்க வெச்சிரலாம்"னாரு.

ஜிஸ்மி ரெண்டுக்கும் தலையாட்டுச்சு, வேண்டாம்னு. "வேண்டாம்க்கா. எங்க ஊட்டுத் துரு தானா வந்தது. நாம கொண்டாந்தா அது வேற. அண்ணே, நீங்க இறங்குங்க, வழுக்கி விழுந்துராதீங்க." கோவம் போயிருந்துச்சு. கோவம் இருந்திருந்தாலே தேவலைன்னு எனக்குப் பட்டுது. "அம்மா நாளைக்குக் காலைல பஸ் ஏறுது. வந்து பாக்கட்டும். அவங்க கூடவே மேல போயிருவேன்"னு சொல்லிட்டு உள்ள போய்த் துணிமணியை மடிக்க ஆரம்பிச்சிருச்சு.

மறுநாள் பிரதர்சனம். உத்காடனம், அதான் தொறப்பு விழா, அது மோகனசுந்தரம் ஒரு டியூப்லைட் மேகத்தைப் போட்டதோட முடிஞ்சுது. பட்டணத்துலருந்து ரெண்டு அம்மாவும் ஒரு சாரும் வந்தாங்க. பெரிய பெரிய கண்ணாடி, காட்டன் சேலை. ஓசு பைப்பைக் காதுல வெச்சுக் கேட்டாங்க, பஸ் டிக்கெட் வலைக்குள்ள படுத்துப் பாத்தாங்க. கடைசியில வாசலுக்கு வந்து ஜிஸ்மியோட கூரையைப் பாத்து நின்னாங்க. சுத்தமான தகடு, கீழ வெள்ளை வெளேர்னு சட்டை. லாண்டிரிக் கடை வாசல் மாதிரி இருந்துச்சு. "இது என்ன?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. ஜிஸ்மி ஒளிக்கலை. "இது தப்பாப் போன வேலைங்க. கறை விழுந்திருக்கணும். விழலை" அப்படின்னு சொல்லிருச்சு. எங்கூட்டுக்காரரு ஒரு தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டாரு.

அப்பத்தான் கேட்டுக்குள்ள செபமாலையம்மாள் வந்தாங்க. வெடியக்காலம் இருட்டுல ஏறுனவங்க, உடுமலை, பொள்ளாச்சின்னு பஸ் மாறி மாறி வந்திருக்காங்க. கையில ஒரு கட்டைப்பை. எங்க யாரையும் பாக்கலை. நேரா அந்தச் சட்டைங்ககிட்டப் போனாங்க. ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் பாத்தாங்க. கைமடிப்பைப் பாத்தாங்க. அடியோரத்தைத் தூக்கி வெளிச்சத்துல காட்டிப் பாத்தாங்க. அடுத்த சட்டை. அதுக்கும் அடுத்தது. பட்டணத்து சாரு "தொடாதீங்க"ன்னு சொல்ல வாயெடுத்தாரு. தூணுக்குப் பின்னாலருந்து எங்கூட்டுக்காரரு ஒரு மொறை மொறைச்சாரு பாருங்க, அந்தாளு வாயை மூடிக்கிட்டாரு.

"ஏட்டி, ஒண்ணுல கூட இல்லியே" அப்படின்னாங்க அந்தம்மா.

ஜிஸ்மி பதில் சொல்றதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. அந்த வருசம் பூரா எங்களை ஏமாத்துன மழை, அன்னைக்கு மத்தியானம் ஒட்டுக்கா வந்து கொட்டுச்சு. நாங்கல்லாம் மில்லு எரவாரத்துக்கு ஓடுனோம். செபமாலையம்மாள் மட்டும் கூரைக்கு அடியில நின்னுட்டாங்க. தகட்டு மேல மழை வுழுந்த சத்தத்துல அவங்க பதறுன பதட்டம் இருக்கே, இன்னைக்கும் என்ற கண்ணுல நிக்குது. "ஏட்டி ஜிஸ்மி, சருவத்தை எடு! வாளியை எடு!"ன்னு கத்திக்கிட்டுச் சட்டைங்களைக் கொடியிலருந்து உருவப் போனாங்க. அப்பறம் கை நின்னு போச்சு. மேல பாத்தாங்க. உள்ளங்கையை நீட்டிக்கிட்டு நின்னாங்க. ஒரு சொட்டு வரலை. ரெண்டடி தள்ளிப் போய் அங்கயும் கையை நீட்டுனாங்க. அங்கயும் வரலை. சுத்தி எல்லாப் பக்கமும் மழை ஊத்துது, அந்தம்மா மட்டும் நனையாம கையை நீட்டிக்கிட்டு மூலை மூலையாப் போய்ச் சோதிச்சாங்க.

அப்பறம் கட்டைப்பையைக் கீழ வெச்சாங்க. கம்புல சாஞ்சு உக்காந்தாங்க. சித்தெ நேரம் சட்டைங்களைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. தலை ஒரு பக்கமாச் சாஞ்சுது. தூங்கிட்டாங்க.

அந்த மழைச் சத்தத்துல தூங்கறாங்க! ஜிஸ்மி எங்க பக்கத்துல நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. "மழை பெஞ்சா அம்மா தூங்கவே மாட்டாங்கக்கா. ராத்திரி பூரா வாளி மாத்தி மாத்தி வெப்பாங்க. நாங்கதான் தூங்குவோம்"னு என்ற காதுல சொல்லுச்சு. நனைஞ்சுக்கிட்டே ஓடிப் போய் அவங்கம்மா பக்கத்துல உக்காந்துக்கிச்சு. பட்டணத்து அம்மா என்னமோ பேச வந்தாங்க. எங்கூட்டுக்காரரு ஒதட்டுல வெரலை வெச்சு, "மெதுவாங்க, மெதுவா. தூங்கறாங்க"ன்னாரு. அந்த மூணு பேரும் செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தரும் போன் எடுத்துப் படம் புடிக்கலை. எனக்கு அழுகை அழுகையா வந்துச்சு, கூடவே இந்த மனுசன் மேல கோவமும் வந்துச்சு, என்ன பண்றதுன்னு தெரியாம அவரு முழங்கையைக் கிள்ளி வெச்சேன்.

அவங்க ஜிஸ்மியைத் தேர்ந்தெடுத்தாங்களா இல்லையான்னு அன்னைக்கு ஒண்ணும் சொல்லலை. யோசிச்சுச் சொல்றோம்னு கெளம்பிட்டாங்க. கெளம்பறப்ப அந்தக் கண்ணாடிக்கார அம்மா ஜிஸ்மிகிட்ட, "இதுக்கு என்ன பேரு வெச்சிருக்கே?"ன்னு மட்டும் கேட்டாங்க. இன்னும் வெக்கலைன்னுச்சு அது.

மழை நின்னதும்தான் செபமாலையம்மாள் முழிச்சாங்க. சத்தம் இல்லாமப் போனதுதான் எழுப்பியிருக்கும். நாங்க எல்லாரும் நிக்கறதைப் பாத்ததும் வெக்கப்பட்டு முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டாங்க. "மாதாவே, மழையில தூங்கிட்டனா நான்?"ன்னு கேட்டாங்க. ஜிஸ்மி ஆமாம்மான்னுச்சு. அந்தம்மா எழுந்து, கம்பை ஒரு தடவை ஆட்டிப் பாத்துட்டு, மகள் தலையில இருந்த ஈரத்தைத் தன்ற முந்தானையில தொவட்டி விட்டாங்க.

"அந்த ரிசார்ட்டுக்காரர்கிட்ட நீ வரலைன்னு நானே சொல்லிருதேன். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு."